வெள்ளி மாலைக்குள் ஒரு நகரம்

வெள்ளிக்கிழமைக்கு யாராவது முன்பதிவு செய்தால், எங்கெல்லாம் போக ஆசை என்று நான் முதலில் கேட்பதில்லை. அன்றைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். ஆசாரம் தவறாத யூதப் பயணிகளோடு ஊர் சுற்ற அந்த ஒரு நேரம் தெரிந்தால்தான் மற்ற நேரங்களை வகுக்க முடியும்.

ஷாபாத் என்னும் அவர்களது ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு வானத்தில் நட்சத்திரம் தெரியும்வரை நீடிக்கும். அந்த ஒரு நாளில் வண்டி ஏற மாட்டார்கள், காசைத் தொட மாட்டார்கள், சமைக்க மாட்டார்கள், எழுத மாட்டார்கள், கைத்தொலைபேசியை எடுக்க மாட்டார்கள், விளக்கின் விசையைக்கூட அழுத்த மாட்டார்கள். செய்யக்கூடாத வேலைகளை 39 வகையாக அவர்களுடைய சாத்திரம் பிரித்து வைத்திருக்கிறது. சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பே வீட்டுப் பெண்மணி விளக்கேற்றிவிடுவார். பெரும்பாலான ஊர்களில் இதுதான் வழக்கம். விளக்கேற்றியபின் ஒரு நிமிடத்தைக்கூடத் திரும்ப வாங்க முடியாது.

நான் சிங்கப்பூரில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. பயணத்துறைக் கழகத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தேக்கா, சைனாடவுன், கம்போங் கிளாம் என்று எல்லாருக்கும் காட்டும் அதே ஊரைத்தான் இவர்களுக்கும் காட்டுகிறேன். ஒரு குடும்பத்தை அழைத்துப் போனால் அவர்கள் ஊருக்குத் திரும்பி இன்னொரு குடும்பத்திடம் சொல்வார்கள். அப்படித்தான் இந்த வெள்ளிக்கிழமை வேலை எனக்கு வந்து சேர்ந்தது. வழிகாட்டும் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

பிடித்ததற்குக் காரணம் உண்டு. மற்ற நாட்களில் விருந்தாளியின் ஆசைப் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போவோம். வெள்ளிக்கிழமை மட்டும் நாளைக் கடைசியிலிருந்து முன்னுக்குக் கட்ட வேண்டும். விளக்கேற்றும் நேரம் எத்தனை மணி? அதற்கு முன் குளித்து உடை மாற்ற எவ்வளவு நேரம் வேண்டும்? அதற்கு முன் சனிக்கிழமைச் சாப்பாடு அறைக்கு வந்தாக வேண்டும். அதற்கும் முன் வெள்ளி மாலை நெரிசலில் விரைவுச்சாலை எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று கணக்கு வைக்க வேண்டும். இதையெல்லாம் கழித்தபின் கையில் மிஞ்சுவதுதான் சுற்றுலா.

இந்தக் கணக்குக்குச் சிங்கப்பூரைப் போல ஒத்துழைக்கும் ஊர் அதிகம் இல்லை. லண்டனில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஜூன் மாதம் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அங்கே ஷாபாத் தொடங்கும் நேரம் வாரத்துக்கு வாரம் நகர்ந்துகொண்டே போகும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூட வடக்கே இல்லை. ஆண்டு முழுவதும் இங்கே சூரியன் 6:45க்கும் 7:20க்கும் இடையில்தான் மறைகிறது. நவம்பர் தொடக்கத்தில் சீக்கிரம், பிப்ரவரியில் தாமதம், அவ்வளவுதான் வித்தியாசம். போதாததற்கு 1982 ஜனவரி முதல் தேதி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. அந்த அரை மணி நேரம் இன்றைக்கும் என் வெள்ளிக்கிழமைக்கு உதவுகிறது. குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு இங்கே கிடைக்கும் வெள்ளிக்கிழமை, ஊரில் கிடைப்பதைவிட மூன்று மணி நேரம் நீளமானது. அதைக் கேட்டதும் அவர்கள் முகம் மலரும். பட்டியலில் இன்னும் இரண்டு இடம் சேர்க்கலாமா என்பார்கள். அங்கேதான் என் வேலை ஆரம்பம். சேர்க்க வேண்டாம் என்று சொல்வது.

நாளுக்கு நடுவில் இன்னொரு ஆணியும் அடித்திருக்கிறது. நான் வழக்கமாக அழைக்கும் ஓட்டுநர் மலாய்க்காரர். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகையை அவர் விட மாட்டார். ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை வண்டி கிடையாது. வேறு ஓட்டுநரை வைத்துக்கொள்ளலாமே என்று என் தொழில் நண்பர்கள் கேட்பதுண்டு. எதற்கு? சாயங்காலம் ஒரு பிரார்த்தனைக்காக ஓடப்போகும் விருந்தாளிக்கு, நடுப்பகலில் இன்னொருவர் தொழப்போவது நன்றாகவே புரியும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட நிழலாக ஓர் இடம் பார்த்துக் கொடுக்கிறேன். பிற்பகல் இடிமழையும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

காலையில் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. இவர்களை நான் அங்கே முதலில் கூட்டிப்போவதற்கு அந்தப் பெருமைகள் காரணமில்லை. சிலை இல்லை, சாப்பாட்டுச் சிக்கல் இல்லை, வெயிலுக்கு மரம் உண்டு. குழந்தைகள் இருந்தால் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் பூங்காவும் அங்கேயே இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும், இந்தப் பெயர் யூதப் பெயராயிற்றே என்பார்கள். ஆமாம், பங்குச் சந்தையின் தலைவராக இருந்த சிங்கப்பூர் யூதர், 2000இல் காலமானார், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து வந்த நன்கொடை இது என்று சொல்வேன். யூதர்களே இல்லாத ஊருக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பு அந்த இடத்தில் கலைந்துவிடும்.

அடுத்தது தேக்கா. இங்கேதான் எச்சரிக்கை அதிகம் வேண்டும்.

நம்மவர்கள் எல்லாருக்கும் தோன்றும் முதல் யோசனை, சிராங்கூன் சாலையில்தான் சைவ உணவகத்துக்குப் பஞ்சமே இல்லையே, அங்கே கூட்டிப்போனால் தீர்ந்தது என்பது. தீராது. பன்றியும் இறாலும் இல்லை, இறைச்சியும் பாலும் கலக்கவில்லை என்பதோடு கோஷர் என்னும் அவர்களுடைய உணவு விதி முடிவதில்லை. பாத்திரத்தில் முன்பு என்ன சமைத்தார்கள், கீரையில் பூச்சி பார்த்தார்களா, பாலாடைக்கட்டியை எதைப் போட்டு உறைய வைத்தார்கள், அடுப்பை யார் பற்றவைத்தார்கள் என்பதுவரை கேள்வி உண்டு. மடி ஆசாரம் பார்த்த பாட்டி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தப் பாட்டி பக்கத்து வீட்டில் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார், அதற்காகப் பக்கத்து வீட்டாரை அவர் வெறுத்தார் என்று யாரும் நினைத்ததில்லை. விருந்தாளி ஒரு தோசையை மறுத்தால் அவர் நம் சாப்பாட்டை மதிக்கவில்லை என்று மனத்தாங்கல் கொள்ளும் வழிகாட்டிக்கு இந்த வேலை சரிப்படாது.

கோப்பிகூடச் சுலபமில்லை. நம்மூர்க் கோப்பிக் கடைத் தூளை வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினும் சேர்க்கிறார்கள். அதனால் கறுப்புக் கோப்பிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கித் தர முடியாது. நான் தண்ணீர் போத்தலோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர்களாகக் கேட்டால், எதில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். எது கூடும், எது கூடாது என்று தீர்ப்புச் சொல்வது அவர்களுடைய மதகுருவான ரபையின் வேலை. ஒரே பேருந்தில் வரும் இரண்டு குடும்பங்களுக்குள்கூட வழக்கம் மாறும். ஒருவர் குடிப்பதை மற்றவர் தொட மாட்டார்.

ஆனால் பழம் இருக்கிறதே! தேக்கா சந்தையில் இவர்களுக்காகக் கடவுள் ஒரு தனி வழி திறந்துவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அறுக்காத முழுப் பழத்துக்குப் பாத்திரச் சிக்கல் கிடையாது. அதோடு, அந்தப் பருவத்தில் முதல்முறையாகச் சாப்பிடும் பழத்துக்கு, இந்த நாள்வரை எங்களை வாழவைத்தாயே என்று நன்றி சொல்லும் தனிப் பிரார்த்தனை ஒன்று அவர்களிடம் உண்டு. வாழ்நாளில் மங்குஸ்தானே பார்த்திராத ஒருவருக்கு அது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு!

ஒரு வயதான தம்பதியை அழைத்துப்போனபோது நடந்தது இது. நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்.

"அண்ணே, மங்குஸ்தான்ல நல்லதா ரெண்டு குடுங்க. கத்தி வைக்காதீங்க."

"கத்தி எதுக்கு தங்கச்சி? அமுக்கினா போதும்," என்றவர், ஒரு பழத்தைக் கவிழ்த்து அதன் அடியில் இருக்கும் பூப்போன்ற அடையாளத்தைப் பெரியவரிடம் காட்டினார். அந்தப் பூவில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. பெரியவர் விரலால் தொட்டு எண்ணினார். ஆறு. இரண்டு கையாலும் அழுத்தித் தோட்டைப் பிளந்தார். கருஞ்சிவப்புத் தோட்டுக்குள் வெள்ளையாக ஆறு சுளைகள். சாற்றின் கறை விரலில் படிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. சாப்பிடுவதற்கு முன் என்னைப் பார்த்து, "இது மரத்தில் காய்ப்பதா?" என்று கேட்டார். மரத்துப் பழத்துக்கு ஒரு பிரார்த்தனை, மண்ணில் விளைவதற்கு வேறு பிரார்த்தனை. மரம்தான் என்று கடைக்காரர் சொன்னார். பெரியவர் கண்ணை மூடி மெல்லிய குரலில் சொல்லத் தொடங்க, அம்மையார் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னார். அதற்குள் சீனப் பாட்டி ஒருவர் ரம்புத்தான் விலை கேட்டுவிட்டார். கடைக்காரர் அவரைக் கையமர்த்தி நிறுத்தி, பெரியவர் வாயில் சுளை போகும்வரை காத்திருந்தார்.

"பழத்துக்கே மந்திரமா?" என்றார் என்னிடம். பிறகு வாழைப்பழச் சீப்பு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு என்ன சொல்லுவாரு, கேளு" என்றார். கேட்டேன். வாழைக்கு மண்ணில் விளைவதற்கான பிரார்த்தனையாம், அன்னாசிக்கும் அதுவேயாம். ஒருமுறை காய்த்தபின் தண்டு நிற்பதில்லை, அதனால் அவர்கள் கணக்கில் வாழை மரமாகாது. "சரிதான். குலை தள்ளினதும் வெட்டிர்றோமில்ல," என்று கடைக்காரர் தலையாட்டினார். பப்பாளிக்கு எது என்பதில் அவர்களுடைய பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு என்றும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு இது நேரடியாக உதவும். இப்போதெல்லாம் எந்தப் பழத்தைக் காட்டினாலும் அது மரமா, செடியா, கொடியா என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். டுரியானுக்கு மட்டும் கத்தி தேவை. சிலர் கடைக்காரரின் கத்தியை ஏற்றுக்கொள்வார்கள், சிலர் தங்கள் பெட்டியில் தனிக் கத்தி வைத்திருப்பார்கள். மிச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ரயிலில் ஏறக்கூடாது, விடுதிக்குள்ளும் விட மாட்டார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தேக்காவை விட்டு பஃப்ளோ ரோட்டில் நடந்தால் பூக்கடைகள். மல்லிகை வாசம் எல்லாரையும் நிறுத்தும். நல்ல மணத்தை நுகர்வதற்கும் அவர்களிடம் ஒரு பிரார்த்தனை உண்டு. ஆனால் அதே அம்மையார் முகத்தருகே சரத்தைக் கொண்டுபோகும் முன் கேட்டார், இது கோயிலுக்கா, தலையில் வைத்துக்கொள்ளவா என்று. பூக்கட்டும் அக்காவிடம் கேட்டேன். "ரெண்டுக்கும்தான்" என்றார். அம்மையார் சிரித்துக்கொண்டே சரத்தைத் திரும்ப வைத்துவிட்டார். வேறு தெய்வத்துக்குப் படைப்பதிலிருந்து இன்பம் கொள்வது அவர்களுக்கு விலக்கு. பூக்கார அக்காவும் சிரித்தார். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

கோயில் விஷயமும் இப்படித்தான். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோபுரத்தின் கீழ் நின்று பேசுவது எனக்குப் பிடித்த பேச்சு. இவர்கள் உள்ளே வர மாட்டார்கள். கண்டிப்பானவர்கள் சிலைகளை நின்று ரசிப்பதையும் தவிர்ப்பார்கள். முதலில் எனக்குத் தயக்கம் இருந்தது. பிறகு, சிலையை விட்டுவிட்டு மனிதர்களைப் பற்றிப் பேசலாமே என்று தோன்றியது. அதே சாலையில் சற்றுத் தள்ளிச் சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல் இருக்கிறது. அந்தப் பக்க நடைபாதையில் நின்றுகொண்டு, 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளையைப் பற்றிச் சொல்வேன். அவர் முயற்சியால் 1827இல் கோயில் எழுந்தது, பக்கத்திலேயே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தங்கள் தொழுகை இடத்தை அமைத்துக்கொண்டார்கள், சிறுபான்மையாக வந்த ஒவ்வொரு கூட்டமும் முதலில் தன் வழிபாட்டுக்கு ஓர் இடம் தேடியது என்பேன். அதைக் கேட்டதும் அவர்களே கேட்பார்கள்: "அப்படியானால் எங்கள் ஆட்கள் எங்கே தேடினார்கள்?"

அந்தக் கேள்விக்காகத்தான் செலிகியை நான் கடைசியில் வைத்திருக்கிறேன்.

பாக்தாத்திலிருந்தும் கல்கத்தா வழியாகவும் வந்த யூத வணிகர்கள் 1841இல் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஜெப ஆலயம் அமைத்தார்கள். அது இன்று இல்லை. சினகாக் ஸ்திரீட் என்று சாலைக்குப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிறகு அவர்கள் செலிகி, மிடில் ரோடு, சோபியா ரோடு வட்டாரத்தில் குடியேறினார்கள். அங்கே நடந்தபடியே தலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். 1924இல் கட்டிய எலிசன் கட்டடத்தின் முகப்பில் ஆறுமுனை நட்சத்திரம். 1928இல் கட்டிய டேவிட் எலியாஸ் கட்டடத்திலும் அதே நட்சத்திரம். கீழே கடைகள், வாகன இரைச்சல். தினமும் அந்த வழியாகப் போகும் சிங்கப்பூரர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. என் விருந்தாளிகள் ஒருவர்கூடத் தவறவிட்டதில்லை.

மிடில் ரோட்டிலிருந்து வாட்டர்லூ ஸ்திரீட்டுக்குள் நுழையும்போது பிராஸ் பாசா பக்கம் திரும்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பினால் குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் ஊதுபத்திப் புகையும். மற்ற விருந்தாளிகளுக்கு அந்தப் பக்கம்தான் முதலில் காட்டுவேன். சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதைப் போல அழகான காட்சி இந்த ஊரில் வேறு இல்லை. இவர்களுக்கு அதை வாயால் சொல்வதோடு சரி. எந்த முனையில் நுழைகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட்டால், விருந்தாளி சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலை வராது.

மகேன் அபோத் ஆலயம் 1878இல் திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் ஜெப ஆலயங்களில் மிகப் பழையது, 1998 முதல் தேசிய நினைவுச்சின்னம். ஒரே தளமாக இருந்ததில் பின்னர் பெண்களுக்கான மேல்மாடம் சேர்த்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு உள்ளே இரண்டு ஆச்சரியங்கள் காத்திருக்கும். அவர்கள் ஊரில் எருசலேமை நோக்கித் தொழக் கிழக்கே திரும்புவார்கள். இங்கே மேற்கே திரும்ப வேண்டும், நம்மூர்ப் பள்ளிவாசல்களும் ஏறக்குறைய அந்தத் திசையைத்தான் பார்க்கின்றன. அடுத்தது, துணியுறை போட்ட தோரா என்னும் வேதச் சுருளைப் படுக்கவைத்துப் படித்துப் பழகியவர்கள், பாக்தாத் வழக்கப்படி கெட்டியான உருளைப் பேழைக்குள் நிமிர்ந்து நிற்கும் சுருளைப் பார்ப்பார்கள். அவர்கள் மதத்திலேயே அவர்கள் பார்த்திராத ஒன்றை நம் ஊர் காட்டுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வாசலில் பாதுகாப்புக் கெடுபிடி இருக்கும். 2021இல் அந்த ஆலயத்துக்கு வரும் யூதர்களைக் கத்தியால் தாக்கத் திட்டமிட்ட 20 வயது இளைஞர் ஒருவரைத் தடுத்துவைத்திருப்பதாக உள்துறை அமைச்சு அறிவித்தது. எனவே விருந்தாளிகளின் பெயரையும் கடப்பிதழ் விவரத்தையும் சில நாட்களுக்கு முன்பே அனுப்பி அனுமதி வாங்கிவிட வேண்டும். வெள்ளி மாலை வாசலில் நின்று படிவம் நிரப்ப அவர்களால் முடியாது.

நேரம் மிஞ்சினால் ஆக்ஸ்லி ரைஸ். அங்கே செசெட் எல் ஆலயத்தை 1905இல் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கட்டியவர் செல்வந்தர் மனாசே மேயர். 1922 நவம்பரில் ஐன்ஸ்டைன் எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டக் கப்பலில் வந்து இறங்கியபோது அவரை வரவேற்று உபசரித்தவரும் அவரே. இன்னொரு பெயரைச் சொல்லாமல் நான் முடிப்பதில்லை: 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராகப் பதவியேற்ற டேவிட் மார்ஷல். சீனர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஊரின் முதல் முதலமைச்சர் பாக்தாத் வம்சாவளி யூதர் என்பது பல விருந்தாளிகளுக்குப் புதுச் செய்தி. சில நம்மவர்களுக்கும்தான்.

அன்றைய சுற்றுலாவில் மிக முக்கியமான பகுதி இனிமேல்தான். பார்ப்பதற்கு எதுவுமே இருக்காது. ஆலயத்திலிருந்து விடுதிவரை அவர்களை நடக்கவைக்கிறேன். இரவிலும் மறுநாள் காலையிலும் அந்த வழியாகத்தான் நடந்து போகவேண்டும். கையில் தொலைபேசி இருக்காது, வரைபடமும் எடுத்து வர மாட்டார்கள் பலர். எந்த மூலையில் திரும்புவது, இரவில் எந்தக் கடையின் வெளிச்சம் அடையாளம் என்று காட்டிக்கொண்டே போவேன். சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சை மனிதனுக்காக நாம் பொத்தானை அழுத்துகிறோமே, அதுவும் அவர்களுக்கு ஆகாது. வேறு யாராவது அழுத்தும்வரை நிற்க வேண்டும், அல்லது மேம்பாலமோ சுரங்கப்பாதையோ இருக்கும் வழியாகப் போகவேண்டும். இப்படி ஒரு வழியைத் தேடி நான் இந்த வட்டாரத்தை நடந்த அளவுக்கு வேறு எதற்காகவும் நடந்ததில்லை.

விடுதியிலும் இதே கவனம். மின்தூக்கி வேண்டாத கீழ்த்தள அறை. தானாகத் திறக்கும் கதவுக்குப் பதில் கையால் தள்ளும் பக்கக் கதவு. அறைக் கதவுக்கு மின்னட்டை என்றால் அதற்கொரு மாற்று ஏற்பாடு. அறைக்குள் தீபம் ஏற்ற விடுதிகள் அனுமதிப்பதில்லை, எனவே கண்காணிப்போடு ஏற்ற ஓர் இடத்தை முன்பே கேட்டு வைக்க வேண்டும். யூதச் சமூகத்தின் சமையற்கூடத்திலிருந்து வரும் சாப்பாடு இரட்டை உறையில் முத்திரையிட்டு வரும். அதை அப்படியே சூடாக்கித் தர வேண்டும். நல்லெண்ணத்தோடு உறையைப் பிரித்து அழகாகத் தட்டில் அடுக்கிக் கொடுத்தால் அந்தச் சாப்பாடு வீண். பணியாளர்களிடம் இதை நேரில் சொல்லிவிட வேண்டும், மின்னஞ்சலை நம்பி இருக்கக்கூடாது. ஷாபாத் தொடங்கியபின் விளக்கை அணையுங்கள், கதவைத் திறங்கள் என்று வேற்று மதத்தவரிடம் கேட்டுக்கொள்வதும் பொதுவாக அவர்களுக்கு விலக்கு. கேட்காமலே நடக்க வேண்டுமானால், கேட்கக்கூடிய நேரத்தில் எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும்.

என் கட்டணத்தையும் அன்றே தீர்த்துவிடுவார்கள். ஆண்கள் கைகுலுக்க மாட்டார்கள். நான் கைகூப்பி வணக்கம் சொல்லிவிடுவதால் அந்தத் தர்மசங்கடம் எங்களுக்குள் எழுந்ததே இல்லை. சனிக்கிழமை நான் அழைப்பதில்லை. இரவு எட்டு மணி வாக்கில் ஷாபாத் முடிந்தபின் விமான நிலையத்துக்கு வண்டி வேண்டுமென்றால் அதையும் வெள்ளிக்கிழமையே பேசி வைத்துவிடுவோம். சாங்கியிலிருந்து ஐரோப்பாவுக்கு இரவு விமானங்களுக்குக் குறைவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளைய வழிகாட்டிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் கோஷர் பற்றித்தான். அது புத்தகத்திலும் கிடைக்கும், விருந்தாளியே சொல்லியும் தருவார். அவர்கள் பழக வேண்டியது வேறு: இடங்களை வெட்டுவது. மெரினா பேயும் செந்தோசாவும் ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயேதான் இருக்கும். நாலு மணிக்கு அறைக்குப் போய், குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றி, ஊரில் இருக்கும் பிள்ளைகளைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசிவிட்டு, அவசரமே இல்லாமல் விளக்கேற்றிய ஒருவருக்கு அந்த நாள் நிறைவான நாள். ஆறு இடம் கூடுதலாகப் பார்த்து, ஆறரை மணிக்கு வியர்வையோடு வரவேற்பறையில் ஓடுபவருக்கு நினைவில் நிற்பது அந்த ஓட்டம் மட்டும்தான்.

ஆகவே தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆசைப் பட்டியலை வாங்குவதற்கு முன் சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள். விடுதிப் பணியாளரிடம் வியாழக்கிழமையே பேசிவிடுங்கள். வெள்ளிக்கிழமை விருந்தாளியை நாலு மணிக்கு விடுதி வாசலில் கொண்டுபோய் விடுங்கள். நாலரை ஆகிவிட்டாலே தாமதம்தான்.